வளையம் மூடவில்லை

சமாதானபுரத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே
ஓர் அறை, ஓர் மின்விசிறி.
திரை முழுக்கக் கருப்பு. கருப்புக்குள்
நெளிந்து போகும் ஒரு கோடு.
அவ்வளவுதான் குகை.

பாறை கிடையாது இதில்.
வவ்வால் எச்சத்தின் நெடியை
எந்தப் பொத்தானைத் தட்டினாலும் காட்டாது.
நாலு பேர் நாடா பிடித்து
முழங்கை தேயத் தவழ்ந்த வழி மட்டும்
முள்ளெலும்பாய் நிற்கிறது.

மவுஸை இழுத்தால்
தேரிக்காட்டின் அடிவயிறு புரள்கிறது.
மேலிருந்து பார்க்க, வறண்ட வாய்க்கால்.
பக்கவாட்டில் பார்க்க,
யாரோ அவசரத்தில் போட்ட கையெழுத்து.
நிறத்தை ஆழத்துக்கு மாற்றினேன்:
வாயில் சிவப்பு, போகப் போக மஞ்சள்,
முப்பத்தெட்டு மீட்டரில் நீலம்.
நீலம் என்றால் தண்ணீர் இல்லை, ஆழம்.
வருகிறவர் எல்லோரிடமும் இதைச் சொல்லிச் சொல்லி
எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

பதினேழாம் புள்ளியில் பிரிந்த கிளை
சுற்றி வந்து
பதினேழிலேயே சேர வேண்டும்.
சேரவில்லை.
இரண்டே கால் மீட்டர் தள்ளி
அந்தரத்தில் நிற்கிறது இன்னொரு பதினேழு.

சரிசெய் என்று சொன்னால் மென்பொருள் செய்யும்.
ஊர் வரி மாதிரி
பிழையை எல்லாப் புள்ளிகளின் தலையிலும்
கொஞ்சம் கொஞ்சமாய்க் கட்டிவிடும்.
கட்டுவதற்கு முன்னால் சுயம்புவுக்குப் போன் போட்டேன்.
அவன் குறிப்பேட்டில் ஒன்பதாம் பக்கம்
ஒரு பெருவிரல் சேறு;
சேற்றுக்கு அடியில் ஆறா, ஒன்பதா?

"ஒம்பதுதாம்வே. அது சரியாத்தான் இருக்கும்.
இருவத்திரெண்டுலதான் எடக்கு.
ஸ்டான்லிக்கு அங்கன மூச்சு முட்டிட்டு.
நெஞ்சப் பிடிச்சிக்கிட்டு அலறுதான்.
ஒரு கையில அவன், ஒரு கையில காம்பஸ்.
லைட்ட எங்க வச்சேன்னு
இப்ப கேட்டா எப்படிச் சொல்ல?"

லைட்டின் முதுகில் காந்தம் உண்டு.
வடக்கு அந்த ஒரு நிமிஷம்
ஸ்டான்லி பக்கமாய்ச் சாய்ந்திருக்கிறது.

சனிக்கிழமை ஞானப்பூ வந்தாள்,
கிணற்றுக்காரி,
பட்டா நகலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு.
"நாப்பது நாளு வெள்ளத்தக் குடிச்சுது.
ஒரு சாண் ஏறல.
குடிச்சது எங்க போச்சுன்னு காட்டுங்க."

மேல்தரையைக் கோட்டின் மேல் விரித்தேன்.
புல எண்கள், வேலி, அவள் கொழுந்தனின் முருங்கைத் தோட்டம்.
நீலக் கோடு வேலியை நோக்கிப் போகிறது.
ஒரு மீட்டர் இருக்கையில் நிற்கிறது.
அதற்கப்பால் சுயம்பு போட்ட கேள்விக்குறி:
போகும், நாங்கள் போகவில்லை.

"அவன் முருங்கைக்குத்தாம் பாயுதா?
அப்பன்னா கெணத்த அடச்சிருங்க."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.
வளையத்தைச் சரிசெய்தால்
கோட்டின் நுனி நகரும்.
ஒத்திகை பார்த்துவிட்டேன் முன்பே:
நாற்பது சென்டிமீட்டர், வேலிக்கு அந்தப் பக்கம்.
சரிசெய்யாவிட்டால் அவள் நிலத்திலேயே முடிகிறது.
இருபத்திரண்டில் ஒருவன் அலறியதற்கு
பத்திரப்பதிவில் இடமில்லை.

"திங்கக்கிழமை மறுபடி இறங்குவாங்க" என்றேன்,
"மழைக்கு முன்னால."
ஐப்பசி பிறந்து எட்டு நாள்.
இருவரும் ஜன்னலைப் பார்த்தோம்.

ஐந்து பத்து பேருந்துக்கு எழுந்தவள்
வாசலிலிருந்து திரும்பி வந்து,
"கீழ இருந்து பாக்க முடியுமா?" என்றாள்.

புரட்டினேன்.
கோடெல்லாம் தலைக்கு மேலே தொங்கியது.
அதன் உச்சியில் ஒரு சிவப்பு வட்டம்,
சட்டைப் பித்தான் அளவு.

விரலை வைத்துப் பார்த்தாள்.
திரையில் முருங்கை பறித்த கறை ஒட்டியது.

"உள்ள விழுந்த வாளிக்கு
நம்ம வீடு இம்புட்டுத்தான் தெரியும், என்னா?"