இஷ்யூ இல்லை

களியக்காவிளைச் சோதனைச்சாவடிக்கு எதிரே
புஷ்பலீலாவின் டைப்பிங் கடை.
நெய்யாற்றின்கரை வங்கிக்கு இங்கிலீஷில்தான் வேணுமாம்.
‘டைட் விதவுட் இஷ்யூ’ என்று அடித்தாள்.

ஞானசிகாமணி திரையை எட்டிப் பார்த்தார்.
இஷ்யூ இல்லாமலா?
மாமாவுக்கு
முப்பது சென்ட் ரப்பரில் வழக்கு,
மூத்திரத்துக்கு டியூப்,
வட்டிக்காரன் மூணு பேர்.
பிள்ளை மட்டும்தான் இல்லை.

அதைத்தான் அண்ணே சொல்லியிருக்கு.
நீங்க அவருக்கு யாரு?

மருமகன்.

தங்கச்சி மகனா,
மகளைக் கட்டினவரா,
கேட்டபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நெஃப்யூ.
தும்மல் மாதிரி இருக்கு என்றார்.

சந்ததி என்ற கட்டத்தில் ஒரு சின்னக் கோடு.
கோழி லாரி கடந்தது, மேசை அதிர்ந்தது.
ஏழு வருஷம் அவரைத் தூக்கிக் குளிப்பாட்டிய கை
பேனாவை வாங்கி
கட்டத்துக்கு வெளியே
கையெழுத்துப் போட்டது.

பக்கத்துக்கு நாற்பது ரூபாய்.