உன்னைக் கூப்பிடவில்லை

இரவு இரண்டு பத்துக்கு
மூக்கு நுனிதான் முதலில் சொன்னது.
சுவரில் அந்த வட்டக் கண்ணாடி: ஐம்பத்தெட்டு.
நான் வைத்தது அறுபத்தொன்பது.
எண்ணுக்கு அடியில் ஒரு பச்சை இலை,
எரிவாயு மிச்சம் பிடித்ததற்குப் பாராட்டாம்.
அதற்கும் கீழே பொடி எழுத்தில்:
நீங்கள் வெளியே சென்றிருக்கிறீர்கள்.

எங்கே போனேன்?
இடது காலில் தொடைவரை மாவுக்கட்டு.
தபால்பெட்டிக்குப் போகும் பதினோரு தப்படியில்
ஏழாவதில் பனிக்கட்டி காலை வாரியது.
அப்புறம் நான் தெருவையே பார்க்கவில்லை.
டுலூத்தில் இது ஜனவரி.
ஏரி கொதிப்பதுபோலப் புகைகிறது.
கொதிப்பதாவது!

உதவி எண்ணில் நாற்பது நிமிடம் பியானோ.
பிறகு ட்ரென்ட் என்று ஒரு பையன்.
ஆஃப் செய்து ஆன் செய்தீர்களா? செய்தேன்.
வைஃபை? இருக்கிறது.
நீங்கள் இப்போது வீட்டில்தான் இருக்கிறீர்களா?
இருக்கிறேன் தம்பி, போர்வைக்குள்ளே.
அசைகிறீர்களா?
மூச்சு விடுகிறேன்.
அது போதாது என்றான்,
தானே செய்த தவறுபோல.

முப்பத்தோரு வருஷம்
துறைமுகத்தின் தூக்குப்பாலத்து அறையில் இருந்தேன்.
அசையாமல் இருப்பதற்குத்தான் சம்பளம்.
கண் தண்ணீரில், கை நெம்புகோலில்,
காபி பக்கத்திலேயே ஆறிப்போகும்.
சும்மா இருக்கிறாள் என்று
ஒரு மாலுமியும் சொன்னதில்லை.
இங்கே சோபாவில் அதே இருப்புக்கு
ஆளில்லா வீடு என்று பெயர்.

பூனை குறுக்கே போகிறது.
பூனையை அது கணக்கில் சேர்ப்பதில்லை,
உயரம் பற்றாதாம்.

ஊன்றுகோலைத் தூக்கி ஆட்டினேன்,
விருந்துக் கூட்டத்தில் தெரிந்த தலையைப் பார்த்ததுபோல.
கண்ணாடி விழித்தது.
கீழே நிலவறையில் ஃபர்னஸ் இருமியது.
அணைந்தது.
இருமியது.
அணைந்தது.
ஆக, கோளாறு ஒன்றல்ல.

விடிந்ததும் பக்கத்து வீட்டு டுவேன் பெல்டியர்,
தாடியில் பனி, வாயில் டார்ச்,
முகப்பைக் கழற்றி உள்ளே பார்த்தார்.
சிவப்பு, வெள்ளை, மஞ்சள், பச்சை.
நீலம் எங்கே ஹெல்மி?
எனக்கென்ன தெரியும்,
நான் சுவருக்குள்ளா குடியிருக்கிறேன்?

நாலு ஒயரிலிருந்து
சொட்டுச் சொட்டாய்த் திருடிக் குடித்துத்தான்
இரண்டு குளிர்காலம் உயிர் பிழைத்திருக்கிறது.
கேட்டதும் கோபம் கொஞ்சம் இறங்கிவிட்டது.
பட்டினி கிடக்கிற காவல்காரன்
வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றா எண்ணுவான்?

இடுக்கியை விட்டுத் துழாவினார்.
வந்தது நீலம்,
சுருண்டு, தூசியோடு, நுனிகூட உரிக்காமல்.
வீடு கட்டிய காலத்தில் யாரோ
எதற்கும் இருக்கட்டும் என்று விட்டுப்போனது.
அந்த ஆள் யாரென்று தெரியாது.
குளிரில் கை மரத்துப்போன நேரத்திலும்
ஒரு முழம் அதிகமாக வெட்டியிருக்கிறான்.

டுவேன் நிலவறைக்கு இறங்கினார்.
அந்த முனையிலும் நீலம் கும்பிட்டுக் காத்திருந்ததாம்.
இரண்டு திருகு, ஒரு கெட்ட வார்த்தை,
பிறகு தரைத் துவாரத்தில்
எரிந்த தூசியின் வாசனை.

ஆள் பார்க்கிற வேலையை நிறுத்திவிடட்டுமா
என்று கேட்டார், விரலை அந்தரத்தில் வைத்துக்கொண்டு.
நிறுத்துங்கள் என்றேன்.
இலை மறைந்தது.
மதியத்துக்குள் அறுபத்தொன்பது.
பூனை துவாரத்தின்மேல் பரப்பிப் படுத்து
பாதி வெப்பத்தைத் தனக்கே எடுத்துக்கொண்டது.

சாயங்காலம் பருவத்தின் கடைசிக் கப்பல் வந்தது.
நீளம், குறில், நீளம், குறில் என்று ஊதியது.
பாலத்திலிருந்து இப்போது வேறு யாரோ பதில் ஊதினார்கள்,
கொஞ்சம் அவசரமாக.
இருந்த இடத்திலிருந்தே
ஜன்னலைப் பார்த்துக் கையை உயர்த்தினேன்.

சுவரில் அது சட்டென்று வெளிச்சம் போட்டுக்கொண்டது.

உன்னைக் கூப்பிடவில்லை.