எந்தப் பக்கம்?

தீர்த்தகிரி சாக்கில் சுற்றிக் கொண்டுவந்ததை
மேசையில் வைத்த விதத்திலேயே
முபாரக் பாட்டை நிறுத்திவிட்டான்.

லாரியின் முன்கண்ணாடி. முழுசாக இல்லை.
அடிபட்ட இடத்தை மட்டும் மெக்கானிக் அறுத்துக் கொடுத்திருக்கிறார்,
இருபத்து நாலுக்குப் பதினெட்டு.
நடுவே ஒரு வெள்ளை நட்சத்திரம்,
அதன் கால்கள் ஓரம்வரை ஓடியிருந்தன.
தொப்பூர் இறக்கம், அதிகாலை மூன்றே கால்,
முன்னால் போன டிரெய்லரிலிருந்து கழன்ற கொக்கி.
"பிரேம் போடணும்க்கா. வீட்ல மாட்ட."

சாமி படத்துக்கு ரேட் உண்டு, சுவரில் ஒட்டியிருக்கிறேன்.
கல்யாணப் படத்துக்கு உண்டு.
பென்னாகரம் ரோட்டில் பதினோரு வருஷமாய்
இதற்கொரு ரேட் எழுதும் வேலை வந்ததில்லை.

நாள்காட்டித் தாளைக் கிழித்துத் திருப்பினேன்.
வெளி அளவு முப்பதுக்கு இருபத்து நாலு.
சுற்றளவு ஒன்பதடி.
பீடிங் பத்தடிக் கோல், ஓரடி மிச்சம் என்பவர்
மூலையை நாற்பத்தைந்தில் அறுத்தவரில்லை.
எட்டு வெட்டு, வெட்டுக்கு இரண்டங்குலம்.
பத்தடி நாலங்குலம்.
நாலங்குலத்துக்காக இன்னொரு கோல்.
கண்ணாடி வளைவு, ஆழம் வேண்டும்,
பீடிங் மேல் பீடிங். ஆக மூன்று கோல்
இரண்டாயிரத்து ஐந்நூற்று ஐம்பது.
மேல் கண்ணாடி, பின்பலகை, ரப்பர் வைத்த நாலு கிளிப்.
முபாரக்கின் ஒன்றரை நாள்.
கடைசியாக ஐந்நூறு, பெயர் எழுதாமல்:
கை தவறினால் இதை எந்தக் கடையில் வாங்குவேன்?

"ஐயாயிரத்து இருநூத்திப் பத்தா?
புதுக் கண்ணாடியே ஆறாயிரந்தாங்க்கா."

"அது லாரிக்கு" என்றேன்.

முதல் வருஷம் முகம் பார்த்து விலை சொன்னவள் நான்.
அழுதவர்களுக்கெல்லாம் குறைத்தேன்.
வருஷக் கடைசியில்
கண்ணாடி மண்டிக்காரரிடம் நான் அழுதேன்.

முன்பணம் மூவாயிரம்.
ஏன் என்பவர்களுக்குப் பரணைக் காட்டுவேன்:
தோற்றுப்போன வார்டு வேட்பாளர்
ஆறடி உயரத்தில் இன்னும் கும்பிட்டுக்கொண்டிருக்கிறார்.
பக்கத்தில் ஒரு ஜோடி, மாலையும் கழுத்துமாய்;
படம் தயாராகுமுன் பிரிந்துவிட்டார்கள்.
போன் செய்தால் அவர் "அவளைக் கேளுங்க",
அவள் "அவரைக் கேளுங்க".

மூன்றாம் நாள், ஒட்டி இறுக்கிய பெட்டியைப் பார்த்தபடி
முபாரக் கேட்டான்:
"அக்கா, எந்தப் பக்கம் முன்னாடி?"

புடைத்த பக்கம்தான் என்று நினைத்திருந்தேன்.
ரோட்டில் நிற்பவர்கள் லாரியைப் பார்ப்பது அப்படித்தானே.
கீழோரம் பாதி ஸ்டிக்கர்வேறு, 'முனியப்பன் து'.
அந்தப் பக்கமிருந்துதான் நேராக வாசிக்க முடியும்.
கேட்டுக்கொள்ளலாம் என்று போன் செய்தேன்.

டோல்கேட் வரிசையில் இருந்தார்.
"உள்பக்கம்க்கா. நான் பாத்த பக்கம்.
வெளிய இருந்து பாத்தா அது வெறும் விரிசல்.
உள்ள இருந்து பாத்தாத்தான்"
பின்னால் யாரோ ஹாரனை அமுக்கிப் பிடித்ததில்
மீதி காதில் விழவில்லை.

"எழுத்து திரும்பித் தெரியுமே?"

"மூணு வருஷம் அப்படித்தான படிச்சேன்."

புடைப்பு இனிப் பின்னால் போகும்.
பலகையில் வாய் வெட்ட வேண்டும்,
சுவருக்கும் பெட்டிக்கும் இடையே கட்டை,
கிளிப் நாலும் புதிதாக.
அறுநூற்று நாற்பது.
கேட்காதது என் தப்பு. சொல்லாதது அவர் தப்பு.
முந்நூற்று இருபது என்று எழுதினேன்.

வந்தார். தூக்கிப் பார்த்தார்.
நட்சத்திரத்துக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுபோய்
கொஞ்ச நேரம் ஸ்டியரிங் பிடிப்பவர்போல் நின்றார்.
"அந்த இருபதைக் குறைச்சுக்குங்க."
குறைக்கவில்லை.

ஆர்டர் புத்தகத்தில்
அளவு, ஆழம், பீடிங், முன்பணம், தேதி,
அதற்குக் கீழே பேனாவால் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.

மறுநாள் நர்சிங் சான்றிதழோடு ஒரு பெண் வந்தார்.
வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்து
அதையும் கேட்டுவிட்டேன்.
அவர் சிரிக்கவில்லை.
தாளைத் திருப்பி
ஒன்றுமே எழுதாத பின்பக்கத்தைப்
பார்த்துக்கொண்டிருந்தார்.