இரண்டேகாலுக்குக் கரண்ட் போனது

ஏகாம்பரக்குப்பம். இருபத்திரண்டு தறி.
சாமி படத்துக்குக் கீழே பிளக்கில் சொருகிய பெட்டி
விடிய விடிய காயத்ரி சொல்லும்.
தறிச் சத்தத்தில் யாருக்குக் கேட்டது?

நேற்று ராத்திரி கரண்ட் போனது.
தறிகள் நின்றன. "தியோ" என்றபடி
பெட்டியும் நின்றது.
ஏழாம் தறி தேசம்மா நிற்கவில்லை.
"யோந பசோதயா"
இருட்டில், அறுந்த இழையை முடிந்துகொண்டே.
ஷெட் முழுக்கக் கேட்டுவிட்டது.
நாக்கைக் கடித்திருப்பாள்.

"ப்ர..." என்று ஆரம்பித்தார் கணக்கர் சேஷகிரி.
திருத்தவா, தொடரவா, தெரியவில்லை.
அதற்குமேல் வரவில்லை அவருக்கு.
பூணூலில் கட்டிய பீரோ சாவி மட்டும்
ஒருமுறை கிணுங்கியது.

"பாதியில விடக்கூடாதாமே,
முடிங்க சாமி"
என்றாள் தேசம்மா.

எவ்வளவு நேரம் போயிற்றோ.
கரண்ட் வந்தது.
பெட்டி மறுபடி
முதலிலிருந்து.