பதினாலாம் கட்டில்

யானைக்கல் பாலத்தடியில் கிடந்தவரைப்
பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது
சட்டைக் காலரில் தையற்கடைப் பட்டிகூட இல்லை.
பேச்சும் இல்லை.

பேனா கொடுத்தேன். கறுப்புக் கட்டம், வெள்ளைக் கட்டம்,
கறுப்பு, வெள்ளை, தாள் தீரும்வரை.
"பியானோ!" என்றார் மாலைப் பத்திரிகை நிருபர்.
மறுநாளே சர்ச்சிலிருந்து ஆர்மோனியம் வந்து இறங்கியது.

ஒரே ஒரு கட்டையை அழுத்தினார்.
துருத்தியை யாரும் அசைக்கவில்லை,
சத்தமே வரவில்லை.
அதன்மேல் கன்னம் வைத்துத் தூங்கிப்போனார்.

'நாலு மணி நேரம் வாசித்தார்,
நர்சுகள் கண்ணீர்' என்று செய்தி.
அழுதது ஜெசிந்தா சிஸ்டர் மட்டும்தான்,
அதுவும் கடைவாய்ப் பல்லுக்கு.

கும்பகோணத்திலிருந்து ஒருத்தி, பாலக்காட்டிலிருந்து ஒருத்தி,
காணாமற்போன பாட்டு வாத்தியாரைத் தேடி வந்து
முகத்தைப் பார்த்ததும் திரும்பினார்கள்.
பாலக்காட்டுக்காரி மட்டும்
ஒரு ஆரஞ்சு வைத்துவிட்டுப் போனாள்.

இன்று நைட் டியூட்டி முடிந்து
விரகனூர் ரவுண்டானாவில் பஸ்சுக்கு நிற்கிறேன்.
நடுத்திட்டுக் கல்லுக்குப் புதுப் பெயிண்ட்:
கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை,
ராமநாதபுரம் ரோட்டில் கண்ணுக்கெட்டும் மட்டும்.

நிருபருக்குப் போன் போட்டேன்.
"அது பழைய நியூஸுக்கா" என்றார்.

வந்த அன்று அவர் உள்ளங்காலைத் துடைத்தது நான்தான்.
கொப்புளம் பதினொன்று.