நனைந்த நாடா

கரையிலிருந்து கப்பல் ஒன்றரை மைல்.
மசூலாவில் மூன்று அலை தாண்டுவதற்குள்
இடுப்பு வரை கடல்.
கிரிம்ஷா துரையின் தொப்பி மட்டும் நனையாது,
அதற்கென்று ஒரு குடை, குடைக்கென்று ஓர் ஆள்.
நாடா என் மடியில்.

நான் ராயபுரம் சவரிராயன்.
நாடாவின் பூஜ்ஜிய முனையைப் பிடிப்பவன்.
மறுமுனையில் வேணுகோபாலு நாயுடு
எண்ணைச் சொல்வார், துரை எழுதுவார்.
என் முனையில் எப்போதும் ஒன்றுமில்லை.

ஹாங்காங்கிலிருந்து டெமராரா போகிற கப்பல்.
புயலில் பாய் கிழிந்து
குடிதண்ணீருக்கு நம் கரையில் நின்றது.
இருநூற்று நாற்பது சீனர் என்றது காகிதம்.
ஏணியில் இறங்கும்போதே
மூக்கு வேறு கணக்குச் சொன்னது.

ஆளுக்குப் பன்னிரண்டு சதுர அடி.
கால் நீட்ட ஆறு, புரள இரண்டு.
சின்னப் பிள்ளை என்றால் அரை ஆள்.
இது சீமையில் போட்ட சட்டம்,
மீறினால் கேப்டனுக்கு அபராதம்.
நல்ல சட்டம்தான், குறை சொல்ல மாட்டேன்.
அதைக் கேள்விப்பட்ட ராத்திரி
என் வீட்டை அளந்து பார்த்தேன்:
ஒன்பது பேர், தலைக்கு ஏழரை அடி.
நாடாவைச் சுருட்டும்போது ஆரோக்கியம் கேட்டாள்,
"வீடு எந்த ஊருக்குப் போகுது?"

கீழ்த்தளத்தில் குனிந்து குனிந்து அளந்தோம்.
படுத்திருந்தவர்கள் நாடாவுக்காகக்
காலை மடக்கிக்கொண்டார்கள்.
பாம்புக்கு வழி விடுவதுபோல.
ஒருத்தன் மடக்கவில்லை.
நாயுடு அவன் முட்டியின் மேலேயே நாடாவை இழுத்தார்.
இரண்டாயிரத்து எண்ணூற்று எண்பத்தொன்று.
"ஒரு அடி மிச்சம்" என்று கேப்டன் சிரித்தான்.

இன்னொரு விதியும் உண்டு:
சட்டத்தைச் சீன எழுத்தில் அச்சடித்து
எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்ட வேண்டும்.
பழைய தாளைப் புயல் கொண்டுபோயிருந்தது.
பெட்டியிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்தார்கள்,
நாயுடு கஞ்சி தடவி ஒட்டினார்.
'ஒட்டப்பட்டது, ஆம்' என்று துரை குறித்தார்.

காலில் கட்டுப் போட்ட ஒரு சீனன்
நொண்டிக்கொண்டு வந்தான்.
ஈரம் காயுமுன் மூலையை நகத்தால் கிளப்பி
தாளை மெல்ல உரித்து
தலைகீழாய்த் திருப்பி
மறுபடி ஒட்டினான்.
உள்ளங்கையால் நீவிவிட்டான்.

பிறகு ஒரே ஒரு வரியை உரக்கப் படித்தான்.

கீழே யாரோ சிரித்தார்கள்.
சிரிப்பு பலகை பலகையாகப் பரவி
தண்ணீர்ப் பீப்பாய் வரை போய்
சட்டென்று நின்றது.
"என்ன சொல்கிறான்?" என்றார் துரை.
துபாஷி சிங்கப்பூர் தாண்டியதும் செத்துப்போனானாம்.
எங்கள் பட்டணத்தில்
சீனம் படிக்க யார் இருக்கிறார்கள்?
எந்த வரி அது?
தண்ணீரின் அளவா? அரிசியா? அரை ஆளா?

திரும்பும்போது நாயுடுவிடம் சொன்னேன்,
பருத்தி நாடா, நனைந்தால் சுருங்கும்,
ஐம்பது அடிக்கு அரை அடி.
சுருங்கிய நாடாவுக்கு எந்தக் கப்பலும் பெரிசு.
"தெரியும்" என்றார்.
வாயில் வெற்றிலை இருந்தது, வேறு பேசவில்லை.

ராத்திரி விரல் மடக்கிப் பார்த்தேன்.
நீளத்தில் சுருங்கியது, அகலத்திலும் சுருங்கியது,
ஆக அதிகப்படி நாலேமுக்கால் ஆள்.
சட்டத்தில் அரை ஆள் உண்டு.
முக்கால் ஆளை எங்கே படுக்க வைப்பது?
கால் மடக்காதவன் நினைவுக்கு வந்தான்.
அதற்குமேல் கணக்கு ஓடவில்லை.

நாடா கொடியில் காய்ந்தது,
ஆரோக்கியத்தின் சேலைக்கும் பிள்ளைத் துணிக்கும் நடுவே.
காலையில் சாவடியின் பித்தளைக் கோலோடு வைத்தேன்.
ஒரு நூல் பிசகில்லை.
கப்பல் போயிருந்தது.

சுற்றிக்கொள்ள எண்ணெய்த்துணி கேட்டேன், ஒரு முழம்.
செலவுக் கணக்கில் அதற்குத் தலைப்பு இல்லை
என்றார் நாயுடு.
இன்றைக்கு வேறு கப்பல், மோரீசு போவது,
தஞ்சாவூர்ப் பக்கத்து ஆட்கள்.
இவர்களுக்குத் தமிழிலேயே ஒட்டலாம்,
படிக்கத் தெரிந்தவன் ஒருவன் இருந்தால்.

படகு தயார்.
மடியை இறுக்கிக் கட்டினேன்.
முதல் அலை.