இரண்டிரண்டு பக்கமாய்

அரசடிச் சந்தியில் என் போட்டோகொப்பிக் கடை.
யதுர்ஷிகா கொண்டுவந்து வைத்த நாவல்
முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
"முழுக்க அடிச்சு வையுங்க அன்ரி,
வகுப்பில ஆறு பேர் காத்துக் கிடக்கிறாளுகள்.
செம இருட்டுக் கதை."

கவிழ்த்து வைத்து மூடியை அழுத்தினேன்.
பச்சை வெளிச்சம் இந்தக் கரையிலிருந்து
அந்தக் கரைக்குப் போய்த் திரும்பியது.
பக்கம் திருப்பும் இடைவெளியில்
கண்ணில் பட்டதை வாசித்தேன்.
அப்படித்தான் தொடங்கியது.

கண்ணாடிக் கவிகைக்குள் ஒரு நகரம்.
ஆண்டு இரண்டாயிரத்து முந்நூற்றுச் சொச்சம்.
கடல் அங்கே சுவரில் ஓடும் படம், பார்க்கக் கட்டணம்.
சிரித்தேன். கல்லடிப் பாலம் தாண்டினால்
கடல் சும்மா கிடக்கிறது.
மாமி இருபது வருசமாய் அந்தப் பக்கம் திரும்புவதில்லை.

பதினைந்து முடிந்தால் வீட்டுக்கு ஒரு பிள்ளை.
ஜன்னலில் இரும்புத் தும்பி வந்து நின்று எண்ணைச் சொல்லும்.
யாவும் கற்பனை என்று முதல் தாளில் அச்சிட்டிருக்கிறது.

மூடியைத் திறந்தபடியே நின்றுவிட்டேன்.
வெளிச்சம் முகத்தில் அடித்துப் போனது.
அந்தத் தாள் ஓரமெல்லாம் கறுப்பாய் வந்தது.

படுவான்கரைக்குத் தும்பி வரவில்லை, ஐயா.
சைக்கிளில் வந்தார்கள்.
பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள்.
ஒருவன் அண்ணனோடு எட்டாம் வகுப்பில் படித்தவன்,
தண்ணி கேட்டு வாங்கிக் குடித்தான்.
இதை எழுதினால் விஞ்ஞானக் கதை ஆகாது.

தொண்ணூறாம் பக்கத்தில் ஒளிந்திருக்கும் பையன்
விடுதலை பற்றி ஒன்றரைப் பக்கம் பேசுகிறான்.
பொய்.
நெல் மூட்டைக்குப் பின்னால் இருப்பவனுக்குப்
பேச்சு வராது. இருமல் வரும்.

மறுகா, நூற்றெண்பத்தெட்டு.
தாய் பிள்ளையின் வாயைப் பொத்துகிறாள்.
தும்பி போனபின் கையை எடுக்கிறாள்.
உள்ளங்கையில் நாலு பல்லின் தடம்.
அப்போதுதான் அவளுக்கு வலிக்கிறது.

இதை யார் இந்த ஆளுக்குச் சொன்னது?
என்ட அம்மா சொல்லியிருக்க மாட்டா.
எனக்கே சொன்னதில்லை.
மறுநாள் அவ கரண்டியால் சோறு தின்றதை
நான் கண்டேன், அவ்வளவுதான்.
அண்டைக்கு இருமல் வெளியே கேட்கவில்லை.
அடுத்த மாதம் கேட்டது.

கடைசியில் ஒருத்தி பொத்தான் ஒன்றை அமத்த,
கவிகை வெடித்து விடிகிறது.
பிள்ளைகள் எல்லாரும் வரிசையாய்த் திரும்பி வருகிறார்கள்.
இப்படி முடிக்க எவ்வளவு துணிச்சல் வேணும்,
அல்லது எவ்வளவு தெரியாமை.
திட்டிக்கொண்டே,
கரண்ட் போய்விடுமோ என்று பயந்து பயந்து
அந்த இருபது பக்கத்தையும்
அடிக்காமலே முதலில் வாசித்து முடித்தேன்.

ஆறு மணிக்கு ரியூசன் முடிந்து வந்தாள்.
வாற மாதம் அவளுக்குப் பதினஞ்சு.
சூடு ஆறாத கட்டைத் தட்டி அடுக்கிக் கொடுத்தேன்.
"வாசிச்சீங்களா அன்ரி? எப்பிடி?"
"நடுவில மை கொஞ்சம் மங்கல்" என்றேன்.

கணக்கில் சேர்க்காத ஒரு தாள்
லாச்சியில், பில் புத்தகத்துக்கு அடியில்.
எதிர்ப் பக்கமும் சேர்ந்தே வந்திருக்கிறது.
அதில் எல்லாரும்
சாப்பிட உட்காருகிறார்கள்.